தஞ்சாவூரில் மழை தவறவில்லை, குடகில் தவறியது: 2023 ஆகஸ்ட்டும் குறுவையும்

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். 2023-ல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் இயல்பில் 94 சதவீதம் பெய்துவிட்டது. குறைந்தது வெறும் 6 சதவீதம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஆகஸ்ட்டில் பெரிய மழை எந்தக் காலத்திலும் கிடையாது. அப்படியிருக்க, ஆகஸ்ட் வறண்டதால்தான் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் போகம்) போச்சு, சம்பா (அதற்கடுத்த நீண்ட கால நெல் போகம்) தள்ளிப்போச்சு என்று சொல்வது நியாயமா, அல்லது அரசியலுக்காக ஊதிப் பெருக்கியதா? அடுத்து ஒரு ஆகஸ்ட் வறளும்போது முன்கூட்டியே தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நியாயம்தான். ஆனால் அந்த 94-ஐ வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் புரியாது. மாதவாரியாகப் பிரித்தால்தான் கதை தெரியும். ஜூனில் இயல்பில் 91 சதவீதம், ஜூலையில் 113, ஆகஸ்ட்டில் 64, செப்டம்பரில் மறுபடி 113. ஜூலையும் செப்டம்பரும் தாராளமாகக் கொட்டி, நடுவில் விழுந்த பள்ளத்தைக் கணக்கில் மூடிவிட்டன. வயலில் அது மூடப்படவில்லை.

பள்ளம் எவ்வளவு ஆழம்? நாட்டின் ஆகஸ்ட் சராசரி 254.9 மில்லிமீட்டர். 2023-ல் பெய்தது 162.7. 1901 முதல் இருக்கும் பதிவுகளில் இதைவிட வறண்ட ஆகஸ்ட் கிடையாது. அதற்கு முந்தைய மோசமான ஆகஸ்ட் 2005-ல் வந்தது. அப்போதும் 191 மில்லிமீட்டர் பெய்திருந்தது, குறைவு 25 சதவீதம். 1965, 2009 ஆகஸ்ட்டுகளிலும் அதை ஒட்டிய குறைவுதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 25 சதவீதத்தில் நின்றிருந்த கோடு ஒரே தாவலில் 36-க்குப் போய்விட்டது. கூடவே பகல் வெயிலும் அந்த மாதத்துக்குப் புது உச்சம் தொட்டது. மேகம் இல்லாவிட்டால் வெயில் ஏறும்தானே.

இது ஏன் நடந்தது என்றால் எல்லோரும் உடனே எல் நினோ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது தவறில்லை, பசிபிக் கடல் அந்த ஆண்டு சூடேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 1997-ல் இதைவிடப் பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை இயல்பாகவே பெய்தது. எனவே எல் நினோவைப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம், முழு விடையாக வைத்துக்கொள்ள முடியாது. நேரடிக் காரணம், வானிலைக்காரர்கள் பருவமழை இடைவெளி என்று சொல்வது. ராஜஸ்தானிலிருந்து வங்கக் கடல் வரை நீண்டு கிடக்கும் காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம்தான் நடு இந்தியாவுக்கு மழையைக் கொண்டுவரும். அது அவ்வப்போது வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மலையில் மழை கொட்டும், சமவெளியும் மேற்குக் கடற்கரையும் காயும். 2023 ஆகஸ்ட் நடுவில் இமாசலப் பிரதேசத்தில் நிலச்சரிவும் வெள்ளமுமாக இருந்ததையும், அதே வாரங்களில் கேரளத்தில் வெயில் அடித்ததையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் படம் தெளிவாகும். இடைவெளி விழுவது புதிதல்ல, பெரும்பாலான ஆண்டுகளில் சில நாள் விழும். இந்த முறை அது விட்டுவிட்டு மாதம் முழுக்க நீண்டது. இடைவெளியை முடித்துவைக்க வங்கக் கடலிலிருந்து தாழ்வு நிலைகள் வரிசையாகக் கிளம்பி வர வேண்டும், அவையும் வழக்கத்தைவிடக் குறைவாகவே வந்தன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இடைவெளி விழுந்தால் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குக் கொண்டாட்டம். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தளர்ந்து, பகல் சூட்டில் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு மழை வரும். நாடு முழுக்க மழைக்கு ஏங்கும்போது சென்னையில் குடை பிடித்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். அதனால்தான் தமிழ்நாட்டின் மழைக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு 2023 ஒரு வறட்சி ஆண்டாகவே தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் மாநிலத்தின் மொத்த மழை இயல்பை ஒட்டியே இருந்தது.

ஆனால் காவிரி டெல்டாவின் ஆகஸ்ட் மழை டெல்டாவில் பெய்வதில்லை. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். காவிரி தலைக்காவிரியில் பிறந்து, ஹாரங்கி, ஹேமாவதியோடு சேர்ந்து கிருஷ்ணராஜ சாகருக்கு வருகிறது. வயநாட்டு மழை கபினிக்கு வருகிறது. ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர், கபினி என்ற இந்த நான்கு அணைகளும் சேர்ந்து ஏறக்குறைய 114 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். அவை நிரம்பி வழிந்தால் அல்லது திறந்துவிட்டால் மேட்டூருக்கு வரும்.

2023 ஆகஸ்ட்டில் கேரளத்தில் மழைக் குறைவு 87 சதவீதம். தட்டச்சுப் பிழை அல்ல, எண்பத்தேழுதான். கர்நாடகத்தில் அந்த மாதம் இயல்பு மழையில் ஏறக்குறைய கால் பங்கே பெய்தது. வயநாடு அந்தப் பருவம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் பாதி மழையைக்கூடக் காணவில்லை. ஜூனில் கேரளத்துக்குப் பருவமழை ஒரு வாரம் தாமதமாகத்தான் வந்தது, அப்புறம் ஜூலைக் கடைசியில் கொஞ்சம் வேகமெடுத்தது. கபினி ஏறக்குறைய நிரம்பியது. 124.8 அடி முழு உயரமுள்ள கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) நிரம்பவே இல்லை. ஆகஸ்ட்டில் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்று இரண்டு மாநிலமும் காத்திருந்தன.

காவிரி நீர்ப் பங்கீட்டு அட்டவணையைப் பார்த்தால் ஆகஸ்ட் ஏன் உயிர்நாடி என்று புரியும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இயல்பான ஆண்டில், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி. அதில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்ட்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. பன்னிரண்டு மாதத்தில் ஆகஸ்ட்தான் பெரிய மாதம். ஆண்டு முழுக்க வரும் நீரில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரே மாதத்தில் வர வேண்டும். மழை தவறியது எந்த மாதத்தில் என்று பாருங்கள். இதே குறைவு ஜூனில் வந்திருந்தால், டெல்டாக்காரர் பத்து நாள் தள்ளி விதைத்திருப்பார், அவ்வளவுதான்.

சரி, மேட்டூர் என்ன ஆனது? 2020, 2021-ல் ஜூன் 12 தேதி தவறாமல் அணை திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் தடவை. 2023-லும் ஜூன் 12-ல் திறந்தபோது நீர்மட்டம் 103 அடிக்கு மேல். பார்க்க நல்ல நிலைதான். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை ஏறியது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், செய்திகளில் அடிக் கணக்கை மட்டும் போடுவதால் பலருக்கும் இது தவறிவிடும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படியானால் 60 அடியில் பாதி இருக்கும் என்று நினைப்போம். இருப்பதோ 25 டி.எம்.சி. அளவுதான். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கும் நீர்ப்பரப்பு அது. அதனால் 100 அடியிலிருந்து 90-க்கு இறங்கும்போது கிடைக்கும் நீர் வேறு, 50-லிருந்து 40-க்கு இறங்கும்போது கிடைக்கும் நீர் வேறு. ஜூன், ஜூலையில் இறங்கிக்கொண்டே வந்த மட்டம் ஆகஸ்ட்டிலும் மீளவில்லை. மாதம் முடியும்போது பாதி உயரத்துக்கும் கீழே போயிருந்தது. அக்டோபர் 10-ஆம் தேதி, மட்டம் 30 அடியை ஒட்டி வந்ததும், பாசனத்துக்குத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீர் அது.

ஜூன் 12-ல் திறந்ததே தவறு என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 103 அடி இருக்கும்போது திறக்காமல் இருந்திருந்தால் எந்த விவசாயியும் பொறுத்திருக்க மாட்டார், திறக்காமல் இருக்கக் காரணமும் இல்லை. ஆனால் பருவமழை தாமதமாவதும், எல் நினோ வளர்வதும் ஜூனிலேயே தெரிந்திருந்தது. தொடர்ந்து சில நல்ல ஆண்டுகள் வந்ததால் பரப்பை விரித்துக்கொண்டே போகும் உற்சாகம் எல்லோரிடமும் இருந்தது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் பம்புசெட் வசதி இல்லாத இடங்களில் குறுவையைத் தவிர்த்து, ஒரே போகமாகச் சம்பாவுக்குப் போகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வயலைச் சும்மா போட யாருக்கும் மனசு வராது.

இனி உத்தரவுகளுக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கர்நாடகத்தை விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் விடச் சொன்னது. செப்டம்பர் நடுவில் மறுபடி அதே அளவு. செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. கடைசி வாரத்திலிருந்து அளவு 3,000 ஆனது. பெங்களூரிலும் பிறகு கர்நாடகம் முழுவதும் பந்த் நடந்தது. எண்களைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். 5,000 கன அடி 15 நாள் ஓடினால் மொத்தம் ஆறரை டி.எம்.சி.க்கும் கொஞ்சம் குறைவு. அட்டவணைப்படி ஆகஸ்ட் முழுக்க வர வேண்டியது விநாடிக்குச் சராசரியாக 17,000 கன அடி.

வயலின் பக்கத்திலிருந்து கணக்கிட்டால் இன்னும் உறைக்கும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் நீர் நிறுத்த 40,000 லிட்டர் வேண்டும். வளர்ந்த நெல் வயலில் இலை வழியாகப் போவது, ஆவியாவது, மண்ணுக்குள் இறங்குவது எல்லாம் சேர்ந்தால், ஆகஸ்ட் வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டரை நெருங்கிவிடும். 5 லட்சம் ஏக்கருக்கு இதைக் கொடுக்கத் தினமும் 0.7 டி.எம்.சி., அதாவது விநாடிக்கு 8,000 கன அடிக்கு மேல், வயலுக்குள் போய்ச் சேர வேண்டும். பிலிகுண்டுலுவில் அளந்த நீர் மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, கிளை வாய்க்கால், மடை என்று கடந்து வருவதற்குள் எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை. பரப்பில் பெரும்பகுதிக்கு ஆழ்துளைக் கிணறு கைகொடுத்ததால்தான் குறுவையின் பெரும்பங்கு பிழைத்தது.

கர்நாடகத்தின் பக்கமும் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாண்டியாவில் கரும்பும் நெல்லும் நின்றுகொண்டிருந்தன, பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும். செப்டம்பரில் அங்கே 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள், பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீருக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பற்றாக்குறை ஆண்டில் இரு மாநிலமும் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு சொல்கிறது. எந்த விகிதம், எந்தத் தேதியில் யார் கணக்கிடுவது என்பதற்கு இருவரும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. அதனால் ஒவ்வொரு வறண்ட ஆகஸ்ட்டிலும் சண்டை தொடக்கத்திலிருந்து தொடங்குகிறது. அதைப் பேசி முடிப்பதற்குள் பயிரின் வயது மூன்று வாரம் கூடிவிடும்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நெல்லுக்கு எல்லா நாளும் ஒரே நாள் இல்லை.

குறுவைக்குப் போடுவது 105 முதல் 115 நாள் வயதுள்ள ரகங்கள். ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45, ஏ.எஸ்.டி. 16, கோ 51 போன்றவை. நட்டு வேர் பிடித்து, பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டும் வரை கொஞ்சம் காய்ந்தாலும் பயிர் தாங்கும். தூர் சில குறையும், தண்ணீர் வந்ததும் மீண்டுவிடும். தெரிந்த விவசாயிகள் அந்தப் பருவத்தில் தாங்களே ஒரு முறை வயலைக் காயவிடுவதுண்டு, காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது அதுதான். விதைத்த ஐம்பதாம் நாளை ஒட்டித் தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. வெளியே எதுவும் தெரியாது. உள்ளே எத்தனை மணி என்பது அப்போதே முடிவாகிக்கொண்டிருக்கும். அந்தச் சமயம் காய்ந்தால் கதிர் சின்னதாகப் போகும்.

அதன் பிறகு வருவது, கதிர் இலையுறைக்குள் திரளும் பொதி கட்டும் பருவம். பூ வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு மகரந்தம் உருவாகும். இதுதான் நெல்லின் வாழ்நாளிலேயே மிக நொய்மையான சமயம். இந்த நாட்களில் வேருக்கு நீர் கிடைக்காவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். பின்னால் மேட்டூரை முழுக்கத் திறந்துவிட்டாலும் அது திரும்பி வராது. கதிர் பாதி மட்டும் வெளியே தலைகாட்டி, மீதி பொதிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வந்த கதிரிலும் பதர்தான் அதிகம் இருக்கும். பூக்கும் நாளில் இன்னொரு ஆபத்து வெயில். நெல் பூ காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து மதியத்துக்குள் திறந்து மூடிவிடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிப்பது குறையத் தொடங்கும். வயலில் நீர் நின்றால் பயிரைச் சுற்றிக் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும், காய்ந்த வயலில் அதுவும் கிடையாது. மழை இல்லாததும் வெயில் ஏறியதும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தது அந்த வகையில் இரட்டை அடி. இதையும் தாண்டிப் பால் பிடிக்கும்போது காய்ந்தால் பதருக்குப் பதில் அரைகுறையாக முற்றிய கருக்காய் வரும். அறுக்கலாம், எடை நிற்காது.

இப்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டங்களில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் அணை திறப்பதற்கு முன்பே நாற்று விட்டுவிடுவார்கள். அவர்கள் பயிர் ஆகஸ்ட்டிலேயே பூத்து, செப்டம்பரில் அறுவடைக்கு வந்துவிட்டது. கூடுதல் செலவு மோட்டார் ஓட்டியது மட்டும்தான். ஆற்றை மட்டுமே நம்பும் நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் எட்டியதே ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். அங்கே நேரடி விதைப்பாகத் தெளித்த பயிருக்கு ஆகஸ்ட் நடுவில் ஐம்பது நாள். ஆறு வற்றத் தொடங்கிய நாளும் கதிர் உருவாகத் தொடங்கிய நாளும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுந்தன. கடைமடையில் போர் போடலாமே என்றால், கடலோரத்தில் பல இடங்களில் கீழே உப்புத் தண்ணீர்.

முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். அதில் கடைமடைக்கு இன்னொரு சங்கடம். டெல்டாவின் களிமண் ஒரு வாரம் காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முறை வந்து மடையைத் திறக்கும்போது முதல் நீர் முழுக்க அந்த வெடிப்புக்குள் இறங்கிவிடும். வயல் நனைவதற்குள் முறை முடிந்துவிடும். மேலே உள்ளவருக்கு ஈரம் காயாத வயலில் அரை நாள் போதும், கீழே உள்ளவருக்கு இரண்டு நாள் வேண்டும். ஆனால் அட்டவணையில் கடைசி இடம் அவருடையது. வாய்க்காலில் தேங்கிய குட்டையிலிருந்து ஆயில் என்ஜின் வைத்து இறைத்துக் காப்பாற்றியவர்கள் உண்டு. முடியாதவர்கள் ஆடு மாட்டை விட்டு மேய்த்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் மாநில அரசு 40,000 ஏக்கர் அளவில் குறுவை பாதித்ததாகக் கணக்கிட்டு, ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதாவது ஏக்கருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. பரப்பைப் பாதிப்பாக எடுக்கும் முறையில் ஒரு குறை, முழுதாகக் கருகிய வயலைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். ஏக்கருக்கு முப்பது மூட்டை வர வேண்டிய இடத்தில் பதினைந்து வந்த வயல் தூரத்திலிருந்து பச்சையாகவேதான் தெரியும். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் சரியாக ஏறாது. அப்போது குறுவைக்குப் பயிர்க் காப்பீடும் இல்லாமல் இருந்தது, சம்பாவுக்குத்தான் இருந்தது.

ஆகஸ்ட்டின் கை அடுத்த பருவத்துக்கும் நீள்வதுதான் இதில் பெரிய நஷ்டம் என்பேன். சி.ஆர். 1009 போன்ற ஐந்து மாத ரகங்களுக்கு ஆகஸ்ட்டில் நாற்று விட்டாக வேண்டும். அப்போதுதான் வடகிழக்கு மழை வலுக்கும் முன் பயிர் உயர்ந்து நிற்கும், தை மாதம் அறுக்கலாம். தண்ணீர் இல்லாததால் நாற்று விடவில்லை. செப்டம்பர், அக்டோபரில் மத்திய கால ரகங்களுக்கு மாறச் சொன்னார்கள். பலர் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டில் மழை 43 சதவீதம் குறைவு! ஆற்று நீருக்குப் பதில் வானத்தை நம்பியவர்களுக்கு வானமும் தாமதித்தது. பிந்தி விதைத்த சம்பா பிந்தித்தான் பூக்கும். அதனால் 2024 பிப்ரவரியில், வழக்கமாக அணை மூடிக் கிடக்கும் நாளில், நின்றுகொண்டிருந்த சம்பாவைக் காப்பாற்ற மேட்டூரிலிருந்து 2 டி.எம்.சி. விட வேண்டியிருந்தது. ஆகஸ்ட்டில் வராத தண்ணீருக்காகப் பிப்ரவரியில் கைச்சேமிப்பை எடுத்துச் செலவழித்தார்கள்.

டெல்டாவைத் தாண்டி நாட்டளவில் பார்த்தால் உங்கள் சந்தேகத்துக்கு ஆதரவாக ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2023-24-ல் இந்தியாவின் அரிசி உற்பத்தி குறையவில்லை. ஏறக்குறைய 1,378 லட்சம் டன், அதுவரை இல்லாத உச்சம். நூற்றாண்டின் வறண்ட ஆகஸ்ட் வந்த ஆண்டில் இது எப்படி?

ஜூலை மழைதான் பதில். நடவு, விதைப்பு எல்லாம் ஜூலையில் நல்ல ஈரத்தில் முடிந்துவிட்டது. பஞ்சாப், ஹரியானாவில் கிணறும் கால்வாயும் ஆகஸ்ட்டைத் தாண்ட வைத்தன. செப்டம்பரில் மழை திரும்பியது. ஆனால் மானாவாரிப் பயிர்கள் தப்பவில்லை. சோயா மொச்சை 150 லட்சம் டன்னிலிருந்து 131 லட்சம் டன்னுக்கு இறங்கியது. பயறு வகைகள் மொத்தமாக 260 லட்சம் டன் அளவிலிருந்து 242-க்கு வந்தன. மளிகைக் கடையில் துவரம் பருப்பு விலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்திய அரசுக்கும் ஆகஸ்ட்டில் பயம் இருந்தது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை ஜூலை 20-லேயே நிறுத்தியிருந்தார்கள், ஆகஸ்ட் 19-ல் வெங்காயத்துக்கு 40 சதவீதம், 25-ல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதம் ஏற்றுமதி வரி போட்டார்கள்.

எந்த மாதம் வறள்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க 2002 நல்ல சாட்சி. அந்த ஆண்டு ஆகஸ்ட் அல்ல, ஜூலை வறண்டது. மழை பாதிக்கும் மேல் குறைந்தது. ஜூலை போனால் நடவே இல்லை, நிலம் தரிசு. அரிசி உற்பத்தி 933 லட்சம் டன்னிலிருந்து 718 லட்சம் டன்னுக்கு விழுந்தது. 2023-ல் ஆகஸ்ட் வறண்டபோது நாடு முழுக்க வயலில் பயிர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, அதைக் காப்பாற்ற வழி உள்ள இடத்தில் காப்பாற்றினார்கள், இல்லாத இடத்தில் இழந்தார்கள். மொத்தக் கணக்கில் பஞ்சாபின் மிகுதி நாகப்பட்டினத்தின் பற்றாக்குறையை மறைத்துவிடுகிறது. அதனால்தான் தேசியப் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கடைமடைக்காரரிடம் வாதாடுவது எனக்கு உவப்பானதில்லை.

அப்படியானால் அடுத்து ஒரு ஆகஸ்ட் வறளும்போது முன்கூட்டியே தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் மழைமானியைப் பார்க்காதீர்கள், மேட்டூர் மட்டத்தை மட்டும் பார்ப்பதும் போதாது, அது நேற்றைய செய்தி. ஜூலை 31-ல் கே.ஆர்.எஸ்., கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கிலும் சேர்த்து எத்தனை டி.எம்.சி. இருக்கிறது என்று பாருங்கள். அவை நிரம்பி உபரி வெளியேறிக்கொண்டிருந்தால் ஆகஸ்ட் எப்படிப் போனாலும் குறுவை கரையேறும். 2024-ல் அதுதான் நடந்தது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கவே தண்ணீர் இல்லை, ஆனால் ஜூலைக் கடைசியில் குடகில் கொட்டியதில் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. நான்கும் நிரம்பாமல் ஜூலை முடிந்து, வானிலை ஆய்வு மையத்தின் வார முன்னறிவிப்பில் தாழ்வுப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்கிறது என்று வந்தால், ஆற்றை நம்பியிருப்பவர் அன்றே சுதாரிக்க வேண்டும். மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்திவைத்து, ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசலை இலைவழியாகத் தெளித்து, களையை எடுத்து, கிடைக்கும் ஒரு முறை நீரையும் பொதி கட்டும் வயலுக்கு முதலில் திருப்ப வேண்டும். தூர் கட்டும் வயல் ஒரு வாரம் பொறுக்கும். பொதி பொறுக்காது.